கேப் டவுன் காசிலா, ஜோபர்க் பழைய கோட்டையா? ஒரு கோட்டைக்குத்தான் டைம்னா எதுக்குப் போறது

ஊர்ல இருந்து யாராவது வர்றாங்கன்னு ஃபோன் வந்ததும் இங்க சவுத் ஆப்பிரிக்கால இருக்கற நம்ம வீடுகள்ல லிஸ்ட் போடற வேலை ஆரம்பிச்சிடும். க்ரூகர் பார்க்ல சிங்கம், டேபிள் மவுண்டன், டர்பன் பீச், அப்புறம் ஷாப்பிங். நடுவுல ஒருத்தர் மட்டும் "பழைய கோட்டை, மியூசியம்னு ஏதும் இல்லையாப்பா"ன்னு கேப்பார். எங்க வீட்டுல அது சித்தப்பா, ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார், செஞ்சிக் கோட்டைக்கு ஸ்கூல் பசங்கள வருஷாவருஷம் கூட்டிட்டுப் போனவர். அவருக்கு சொல்ற மாதிரியே இத எழுதறேன், ஏன்னா இதே கேள்விய நிறைய பேர் கேக்கறாங்க.

மியூசியமா மாத்தி வெச்ச கோட்டைன்னு எடுத்துக்கிட்டா இந்த நாட்டுல பேர் சொல்ற மாதிரி ரெண்டு. ஒண்ணு கேப் டவுன்ல இருக்கற காசில் ஆஃப் குட் ஹோப், டச்சுக்காரன் கட்டுனது. இன்னொண்ணு ஜோபர்க்ல, அதாவது ஜோஹன்னஸ்பர்க்ல, கான்ஸ்டிட்யூஷன் ஹில்லுன்னு இப்ப சொல்ற இடம், அதுக்குள்ளதான் ஓல்ட் ஃபோர்ட் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல சுமார் 1,400 கிலோமீட்டர், ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரம், அதனால "ரெண்டையும் பாத்துடலாமே"ங்கறது எல்லாருக்கும் முடியாது. டர்பன்ல ஒரு ஓல்ட் ஃபோர்ட் இருக்கு, 1842-ல போயர்கள், அதாவது டச்சு வழி வந்த வெள்ளைக்கார விவசாயிங்க, பிரிட்டிஷ்காரன சுத்தி வளைச்ச இடம், டிக் கிங்னு ஒருத்தர் உதவி கேட்டு கிரஹாம்ஸ்டவுன் வரைக்கும் பத்து நாள் குதிரைல போன கதை அங்கதான், ஆனா இப்ப அது ஒரு அமைதியான தோட்டம், டர்பன்ல இருந்தீங்கன்னா ஒரு சாயங்காலம் போய்ட்டு வாங்க, அதுக்காகன்னு டிக்கெட் போட வேணாம். ப்ரிட்டோரியால கிளாப்பர்காப் கோட்டை இருக்கு, மேல இருந்து ஊர் நல்லா தெரியும், பீரங்கி பிடிக்கறவங்களுக்குன்னா சரி. அவ்ளோதான், இனி அந்த ரெண்டுக்கு வருவோம்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் ஜோபர்க்ல இருக்கறவன், எனக்கு ஜோபர்க் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனா கேப் டவுன் காசில்தான் கோட்டைங்கற வார்த்தைக்கு நியாயம் பண்ணுது, அதுல சந்தேகமே இல்ல.

காசில பாத்தீங்கன்னா மேல இருந்து அஞ்சு முனை நட்சத்திரம். ஒவ்வொரு முனைலயும் ஒரு கொத்தளம், லீர்டாம், ப்யூரன், காட்ஸெனெல்லன்போகன், நசாவ், ஒரான்ய, எல்லாமே டச்சுக்காரங்களோட ஆரஞ்சு இளவரசரோட பட்டப் பேருங்க. 1652-ல யான் வான் ரீபெக் வந்து இறங்கினப்ப மண்ணுல ஒரு கோட்டை கட்டினாரு, அது மழைக்கு ஒழுங்கா நிக்கல, அப்புறம் 1666-ல கல்லுல இத ஆரம்பிச்சு 1679-ல முடிச்சாங்க. சவுத் ஆப்பிரிக்கால இப்ப நிக்கற ஐரோப்பியர் கட்டடங்கள்லயே பழசு இதுதான். மதில் பத்து மீட்டர் உயரம் வரும். கிளிஞ்சல சுட்டு சுண்ணாம்பு எடுத்தாங்க, அந்த கிளிஞ்சல் வந்தது ராபன் தீவுல இருந்து. பின்னாடி மண்டேலாவ அடைச்சு வெச்ச அதே தீவு.

அந்தக் காலத்துல கடல் அலை கோட்டை வாசல் வரைக்கும் வந்திருக்கு, முதல்ல வாசல் கடலப் பாத்துதான் இருந்துச்சு, தண்ணி உள்ள வந்து தொல்லை பண்ணவும் 1680-கள்ல வாசலயே வேற பக்கம் மாத்திட்டாங்க. இப்ப போய் நின்னா கடல் எங்கன்னே தெரியாது, 1930, 40-கள்ல கடல நிரப்பி ஊர நீட்டினதுல காசில் ரோட்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. முதல் தடவ வர்றவங்க "இதுவா கோட்டை"ன்னு ஒரு செகண்ட் ஏமாந்துதான் போவாங்க. உள்ள நுழைஞ்சா சரியாயிடும்.

அந்த வாசல மட்டும் அவசரப்படாம பாருங்க. ஹாலந்துல இருந்து கப்பல்ல கொண்டு வந்த சின்னச் சின்ன மஞ்சள் செங்கல், நம்ம ஊர் செங்கல்ல பாதி கூட இருக்காது. மேல ஒரு சிங்கம், கால்ல ஏழு அம்பப் பிடிச்சிருக்கும், ஹாலந்தோட ஏழு மாகாணங்களாம். அதுக்குக் கீழ ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், ராட்டர்டாம்னு ஆறு ஊரோட சின்னம், அந்த ஆறு ஊர்லதான் இதக் கட்டின டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆபீஸ் இருந்துச்சு. உச்சில தொங்கற மணி 1697-ல ஆம்ஸ்டர்டாம்ல வார்த்தது, முன்னூறு கிலோவுக்கு மேல. ஒரு நாட்டோட ராஜா கட்டின கோட்டை இல்ல இது, ஒரு கம்பெனி கட்டினது, அதோட லோகோ வாசல்லயே இருக்கு. வி.ஓ.சி.ன்னு எழுதியிருக்கும், நம்ம கப்பலோட்டிய தமிழன நினைச்சு ஒரு செகண்ட் முழிக்காதீங்க, அது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியோட மூணு எழுத்து.

உள்ள என்ன இருக்கு? வில்லியம் ஃபெர் கலெக்ஷன்னு பழைய ஓவியம், ஃபர்னிச்சர், பீங்கான். ராணுவ மியூசியம் ஒண்ணு. நடுவுல முற்றத்த ரெண்டா பிரிக்கற கட்டடத்துல காட் பால்கனின்னு ஒண்ணு, அதுல நின்னுதான் அறிவிப்பு, தீர்ப்பு எல்லாம் படிப்பாங்களாம். கைதிகள சித்திரவதை பண்ணின ரூம், அப்புறம் டாங்கர் காட்னு வெளிச்சமே இல்லாத ஒரு பாதாள அறை, கைடு கதவச் சாத்திக் காட்டுவாங்க, பசங்க கத்துவாங்க, அப்புறம் சிரிப்பாங்க. இதெல்லாம் தவிர மதில் மேல நடக்கலாம், டேபிள் மவுண்டன் அப்படியே பின்னாடி நிக்கும், ஃபோட்டோக்கு இத விட நல்ல இடம் ஊருக்குள்ள இல்ல. சாவி ஒப்படைக்கற சடங்கு, சின்ன பீரங்கி வெடிக்கறதுன்னு சின்னப் பசங்களுக்குப் பிடிக்கற விஷயமும் உண்டு, டைம் மட்டும் போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

ஒரு வேடிக்கை, இவ்ளோ பெரிய கோட்டை மேல எவனும் படையெடுத்து வரவே இல்ல. 1795-ல பிரிட்டிஷ்காரன் கேப்ப, அதாவது கேப் டவுனும் அத சுத்தின பகுதியும், பிடிச்சான், சண்டை நடந்தது மியூஸென்பர்க்ல. 1806-ல திரும்பப் பிடிச்சான், சண்டை ப்ளாவ்பர்க்ல. ரெண்டு தடவையும் கோட்டை சும்மா நின்னுட்டு கடைசில கை மாறிச்சு. போருக்குக் கட்டினது ஆபீஸாவும் ஜெயிலாவும்தான் உழைச்சிருக்கு. நம்ம வேலூர் கோட்டைல கண்டி கடைசி ராஜாவ அடைச்சு வெச்ச மாதிரி, 1879-ல ஜூலு ராஜா செட்ஷ்வாயோவ பிரிட்டிஷ்காரன் தோக்கடிச்சுப் பிடிச்சிட்டு வந்து வெச்சது இங்கதான். இப்ப அவருக்கு உள்ளயே சிலை இருக்கு, லங்கலிபலேலே, செகுகுனேன்னு வேற ரெண்டு ஆப்பிரிக்க ராஜாக்கள், கோய் மக்களோட தலைவர் டோமன் இவங்களோட சேத்து. யார அடைச்சாங்களோ, யாரோட நிலத்த எடுத்தாங்களோ அவங்களையே முற்றத்துல நிக்க வெச்சிருக்காங்க.

ஆனா எனக்கு காசில் மேல ஒரு குறை இருக்கு. சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்கு முக்கியமான குறை.

இந்தக் கோட்டை கட்டிட்டு இருந்த அதே வருஷங்கள்ல இதே கம்பெனிக்கு சோழமண்டலக் கரைல தலைமையிடம் எது தெரியுமா? பழவேற்காடு. சென்னைல இருந்து போட்டிங் போறோமே அதே பழவேற்காடு, அங்க கெல்ட்ரியா கோட்டைய அவங்க 1613-லயே கட்டிட்டாங்க, பின்னாடி 1690 வாக்குல தலைமையிடத்த நாகப்பட்டினத்துக்கு மாத்தினாங்க. தூத்துக்குடியும் அவங்க கைலதான். அந்தக் கரைல பஞ்சம் வந்தப்ப எல்லாம் ஜனங்கள அடிமையா வாங்கி கப்பல்ல ஏத்தினாங்க. பட்டாவியாவுக்கும் (இப்ப ஜகார்த்தா) இலங்கைக்கும் போனவங்க போக, கேப்புக்கும் வந்தாங்க. 1652-ல இருந்து 1808 வரைக்கும் கேப்புக்கு வந்து இறங்கின அடிமைங்க சுமார் 63,000 பேர்னு கணக்கு சொல்றாங்க, அதுல ஏறக்குறைய கால்வாசி இந்தியா, இலங்கைப் பக்கத்துல இருந்து. பழைய ரெக்கார்டுல அவங்க பேர் "வான் பெங்காலே", "வான் மலபார்", "வான் கோரமாண்டல்"னு முடியும், வந்த ஊரே இனிஷியல் மாதிரி.

நம்ம எல்லாரும் சவுத் ஆப்பிரிக்காவுல தமிழன் கதைன்னா 1860 நவம்பர் 16, ட்ரூரோ கப்பல், மெட்ராஸ்ல இருந்து 342 பேர், டர்பன், கரும்புத் தோட்டம்னு ஆரம்பிப்போம். அதுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே நம்ம கரைல இருந்து ஆளுங்க இங்க வந்துட்டாங்க, சுயமா வரல, பேரும் பாஷையும் போய் கேப் ஜனத்தோட ஜனமா கலந்துட்டாங்க. இத காசிலுக்குள்ள தேடினா உங்களுக்குக் கிடைக்கறது கம்மி. பீங்கானும் வாளும் கண்ணாடிக்குள்ள பளபளன்னு இருக்கும், அத சுமந்தவன் யாருன்னு தெரிஞ்சுக்க நீங்க அங்கேர்ந்து பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்து அடர்லி ஸ்ட்ரீட் மேல்முனைல இருக்கற ஸ்லேவ் லாட்ஜுக்குப் போகணும். அதுவும் 1679-ல கட்டினது, கோட்டை முடிஞ்ச அதே வருஷம். கம்பெனியோட அடிமைங்கள ராத்திரி பூட்டி வெச்ச கட்டடம், இப்ப மியூசியம்.

இப்ப ஜோபர்க்.

கான்ஸ்டிட்யூஷன் ஹில்ல கோட்டைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனா ஆளுங்க ஏமாறுவாங்க, இத முன்கூட்டியே சொல்லி வெச்சிடுங்க. சித்தப்பா பார்க்கிங்ல இருந்து மேல வந்து நாலா பக்கமும் பாத்துட்டு, "என்னடா தம்பி, கோட்டைன்னு சொல்லிட்டு ஜெயிலுக்குக் கூட்டிட்டு வந்துட்ட"ன்னாரு. "சித்தப்பா, முதல்ல ஜெயில், அதுக்கப்புறம்தான் கோட்டை"ன்னேன். அது நிஜம்தான். 1892, 93 வாக்குல ஜனாதிபதி க்ரூகரோட போயர் அரசாங்கம் ஜெயிலாத்தான் கட்டிச்சு. தங்கம் கெடச்ச ஊர், அத சுத்தி பிரிட்டிஷ்காரன் கண்ணு, 1895 கடைசில ஜேம்சன்னு ஒருத்தன் ஆளச் சேத்துக்கிட்டு உள்ள புகுந்து பாத்தான், தோத்துட்டான், அந்த பயத்துல ஜெயில சுத்தி மண்மேடும் மதிலும் எழுப்பி கோட்டையாக்கினாங்க. 1900-ல பிரிட்டிஷ் படை ஜோபர்க்க எடுத்தப்ப இந்தக் கோட்டையும் ஒழுங்கா ஒப்படைக்கப்பட்டுச்சு, மறுபடியும் ஜெயில். 1983 வரைக்கும் ஜெயில். வெளில இருந்து பாத்தா புல்லு மொளச்ச மேடு, உள்ள போக ஒரு சுரங்க மாதிரி வாசல். அழகுல காசில் கிட்டயே நெருங்க முடியாது.

ஆனா உள்ள போனீங்கன்னா வேற மாதிரி ஆயிடும். மூணு பகுதி. மேட்டுக்குள்ள இருக்கற ஓல்ட் ஃபோர்ட் வெள்ளைக்கார ஆம்பளைங்களுக்கு. மண்டேலாவ மட்டும் 1962-ல பிடிச்சப்ப அங்க ஆஸ்பத்திரிப் பகுதில வெச்சிருந்தாங்க. அடுத்தது நம்பர் ஃபோர், கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும். மூணாவது 1910-ல வந்த பெண்கள் ஜெயில், இனவெறி ஆட்சிய எதுத்த வின்னி மண்டேலா, ஆல்பர்ட்டினா சிசுலு ரெண்டு பேரும் உள்ள இருந்தாங்க, அவங்கள மாதிரியே போராடின டர்பன் ஃபாத்திமா மீர 1976-ல இங்கதான் அடைச்சாங்க, அவங்க உள்ள இருந்துக்கிட்டே ஜெயில் வாழ்க்கைய படமா வரைஞ்சது இப்ப பாக்கக் கிடைக்குது.

நம்பர் ஃபோர்லதான் நின்னு பாக்கணும். கைதிங்க முற்றத்துல உக்காந்து சாப்பிட்ட இடம், அதுக்கு நேர் எதிர்ல கதவில்லாத கக்கூஸ் வரிசை. ஒரு போர்டுல யாருக்கு என்ன சாப்பாடுன்னு இனவாரியா அளவு எழுதியிருக்கும், வெள்ளைக்காரனுக்கு ஒரு அளவு, கலர்டுன்னு சொல்ற கலப்பினத்தவருக்கும் இந்தியனுக்கும் ஒரு அளவு, கறுப்பனுக்கு அதுலயும் கம்மி. டவுசாங்கற ஒரு விஷயம், வேலைல இருந்து திரும்பற கைதிய துணி இல்லாம எகிறிக் குதிச்சுச் சுத்த வெச்சு, உடம்புல ஏதும் ஒளிச்சு வெச்சிருக்கானான்னு சோதனை. தனிமைச் செல் ஒண்ணுக்குள்ள நீங்களே போய் நிக்கலாம், ரெண்டு கையையும் விரிச்சா செவுரு. காசில் டாங்கர் காட்ல கத்தி சிரிச்ச பசங்க இங்க சத்தம் போட மாட்டாங்க, அதனாலயே பத்து வயசுக்குக் கீழ உள்ளவங்கள நம்பர் ஃபோருக்குக் கூட்டிட்டுப் போக நான் சொல்ல மாட்டேன்.

இனி நம்ம ஆளுங்க கதை. 1907-ல ட்ரான்ஸ்வால்ல, அதாவது ஜோபர்க் அப்ப இருந்த மாகாணத்துல, ஏசியாக்காரன் எல்லாம் கைரேகை வெச்சு பதிவு பண்ணணும்னு சட்டம் வந்துச்சு. பதிய மாட்டோம்னு நின்னவங்கள 1908 ஜனவரில உள்ள தள்ளினாங்க, காந்தி அவரோட வாழ்க்கைல முதல் தடவையா ஜெயிலுக்குப் போனது இந்த இடத்துக்குத்தான். கூடவே தம்பி நாயுடு, மொரீஷியஸ்ல பிறந்த தமிழர், ஜோபர்க் தமிழ் ஜனங்களத் திரட்டினவர், திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர். காலைல பாப், அதாவது சோள மாவுக் களி, அரிசி இல்லாம நம்ம ஆளுங்களுக்கு அது இறங்கல, அதுக்கும் மனு போட்டுப் போராடியிருக்காங்க. காந்தி ஜெயில்ல தச்ச செருப்ப ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் குடுத்த கதைய இங்க சொல்லி வெச்சிருக்காங்க, அந்த ஸ்மட்ஸ்தான் இவர ஜெயிலுக்கு அனுப்பினவர், 1939-ல காந்தியோட எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்த செருப்பத் திருப்பி அனுப்பிட்டாரு.

காந்தி பேர் எல்லாருக்கும் தெரியும். நாகப்பன் பேரு? 18 வயசுப் பையன், 1909 ஜூன்ல பிடிச்சு பத்து நாள் கடுங்காவல், இந்தக் கோட்டை ஜெயில்ல ஒரு ராத்திரி, மறுநாள் யூஸ்கே ரோடு கேம்ப்புக்கு நடத்தியே கூட்டிட்டுப் போனாங்க. ஜூன் மாசம் இங்க எப்படி இருக்கும்னு ஜோபர்க்ல இருக்கறவங்களுக்குச் சொல்ல வேணாம், கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல இருக்கற ஊர், விடியக்காலைல புல்லு மேல வெள்ளையா உறைஞ்சு கெடக்கும். அந்தக் குளிர்ல ரோடு போடற வேலை. நிமோனியாவோட வெளில வந்தான், ஜூலை 6-ஆம் தேதி செத்துட்டான்.

அவன் கல்லறை ப்ராம்ஃபோன்டெய்ன் சிமெட்ரில, கான்ஸ்டிட்யூஷன் ஹில்ல இருந்து கார்ல பத்து நிமிஷம் கூட இல்ல. அதே சிமெட்ரிலதான் தில்லையாடி வள்ளியம்மையும். எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குப் பேரு வெச்சிருக்கே, அதே வள்ளியம்மை. நிறைய பேர் அவங்க தில்லையாடில பிறந்தாங்கன்னு நினைக்கறாங்க, பிறந்தது ஜோபர்க்ல, 1898-ல, தில்லையாடி அம்மாவோட ஊர். 1913-ல கிறிஸ்தவ முறைல நடக்காத கல்யாணம் செல்லாதுன்னு ஒரு தீர்ப்பு, ஒப்பந்தக் கூலிக்கு வந்தவங்க மேல மூணு பவுண்டு வரி, ரெண்டையும் எதுத்து நடந்த போராட்டத்துல அம்மாவோட போய் கைதானாங்க. அடைச்சது இந்தக் கோட்டைல இல்ல, மாரிட்ஸ்பர்க் ஜெயில்ல. காய்ச்சலோட வெளில வந்து 1914 பிப்ரவரி 22, பதினாறாவது பிறந்தநாள் அன்னைக்கே போய்ட்டாங்க. ரெண்டு பேரோட நினைவுக் கல்லையும் 1997-ல புதுசாக்கி மண்டேலாவோட போராட்டத் தோழர் வால்டர் சிசுலு திறந்து வெச்சாரு. சித்தப்பா அங்க பைக்குள்ள இருந்து நோட்ட எடுத்து கல்லுல இருக்கறத எழுதிக்கிட்டாரு, ஃபோட்டோ எடுத்தாச்சு சித்தப்பான்னா, "நீ எடு, நான் எழுதிக்கறேன்"னுட்டாரு.

1956 தேசத்துரோக வழக்குல 156 பேர பிடிச்சு வந்து வெச்சதும் இதே மலைலதான், அந்த லிஸ்ட்ல டர்பன் டாக்டர் மாண்டி நாயக்கர், பில்லி நாயர் எல்லாம் உண்டு. இத விரிச்சா இன்னொரு கட்டுரை ஆயிடும்.

கோட்டைக்குப் பக்கத்துலயே, அதே வளாகத்துல, இந்த நாட்டோட கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட். விசாரணைக் கைதிங்க இருந்த பிளாக்க இடிச்சு, அந்த செங்கல வெச்சே கோர்ட்டோட ஒரு பகுதியக் கட்டினாங்க, மாடிப்படி இருந்த நாலு கூண்ட மட்டும் இடிக்காம விட்டுட்டாங்க. 2004 மார்ச் 21-ல திறந்தது. உள்ள போக காசு கிடையாது, பைய ஸ்கேன் பண்ணுவாங்க, அவ்ளோதான். பெரிய மரக்கதவுல உரிமைச் சட்டத்தோட 27 உரிமையையும் செதுக்கியிருக்காங்க. கோர்ட் ஹாலுக்குள்ள 11 நீதிபதிங்க உக்கார்ற மேடைக்கு முன்பக்கம் மாட்டுத்தோல் போர்த்தியிருக்கு, ஒவ்வொருத்தர் முன்னாடியும் வேற வேற புள்ளி, ஒண்ணு போல ஒண்ணு இல்ல. பக்கவாட்டுல நீளமா ஒரு கண்ணாடி, அதுல வெளில ரோட்டுல நடந்து போறவங்க கால் மட்டும் தெரியும், ஷூவும் செருப்பும் வெறுங்காலும். மரண தண்டனைய 1995-ல ரத்து பண்ணினது இந்தக் கோர்ட்தான், கட்டடம் வர்றதுக்கு முன்னாடியே.

அப்புறம் ஒரு விஷயம், நம்ம ஆளுங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1996 அரசியல் சட்டத்துல ஆறாவது பிரிவப் படிங்க, ஆட்சி மொழிங்களுக்குக் கீழ, மதிச்சு வளர்க்க வேண்டிய மொழிகள்னு ஒரு வரிசை வரும், அதுல தமிழ் பேர் போட்டு இருக்கு, தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது கூட. எந்த நாட்டோட சட்டம் நாகப்பன உள்ள தள்ளிச்சோ அதே நாட்டோட இன்னைக்கு இருக்கற சட்டத்துல. இத கோர்ட் வாசல்ல நின்னு சொன்னப்ப சித்தப்பா என்ன நம்பல, ஃபோன்ல எடுத்துக் காட்டின அப்புறம்தான் "அட"ன்னாரு.

2024-ல யுனெஸ்கோ மண்டேலா சம்பந்தப்பட்ட இடங்கள உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சப்ப கான்ஸ்டிட்யூஷன் ஹில்லும் அதுல வந்திடுச்சு. காசில் அந்த லிஸ்ட்ல இல்ல, ஆனா அதுக்கு 1936-லயே உள்நாட்டுல நினைவுச் சின்ன அந்தஸ்து கெடச்சாச்சு. இத வெச்சு எது பெருசுன்னு முடிவு பண்ணாதீங்க.

போக வர விஷயத்துல கேப் டவுன் சுலபம். காசில் ஊர் நடுவுல, ஸ்டேஷன் பக்கம், எதிர்ல கிராண்ட் பரேட், அங்க சிட்டி ஹால் பால்கனிலதான் மண்டேலா 1990 பிப்ரவரி 11 விடுதலையான அன்னைக்கே பேசினாரு. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியம் நடக்கற தூரம். பகல்ல இதெல்லாம் நடந்தே பாத்துடலாம், கேமராவ கழுத்துல தொங்க விடாம இருந்தா போதும். ஜோபர்க்ல அப்படி இல்ல, கோட்டை நிக்கறது ஹில்ப்ரோ ஓரத்துல, பார்க் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துக்கலாம்னு கிளம்பிடாதீங்க, ஊபரோ போல்ட்டோ வாசல் வரைக்கும், இல்ல உங்க கார்ல நேரா உள்ள பார்க்கிங். கேட்டுக்குள்ள போய்ட்டா ஒரு பயமும் இல்ல, செக்யூரிட்டி நல்லா இருக்கு. சிமெட்ரிக்கு மட்டும் தனியா போகாதீங்க, ரெண்டு மூணு பேரா பகல்ல போங்க.

வெயில் மழையையும் பாருங்க. கேப் டவுன்ல ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மழை, காசில் மதில் மேல நடக்கறது வீணாயிடும், டிசம்பர் ஜனவரில தென்கிழக்குக் காத்து அடிச்சா புடவை கட்டிட்டு கொத்தளத்துல நிக்கவே முடியாது, சித்திகிட்ட கேளுங்க. ஜோபர்க்ல தலைகீழ், குளிர்காலம் காஞ்சு போய் வானம் பளிச்சுன்னு இருக்கும், கோடைல மத்தியானம் மூணு நாலு மணிக்கு இடியோட மழை, காலைலயே முடிச்சிடுங்க. முட்டிவலி இருக்கற பெரியவங்களுக்கு காசில் படிங்க கஷ்டம், கைப்பிடி இல்லாத இடமும் உண்டு, கீழ முற்றமும் ரூம்களும் பாத்தாலே போதும். கான்ஸ்டிட்யூஷன் ஹில் சரிவு மேடு, ஆனா மெதுவா போகலாம். ரெண்டு இடத்துலயும் கைடோட போங்க. ஜோபர்க்ல ஒரு மணி நேர டூர், ரெண்டு மணி நேர டூர்னு ரெண்டு இருக்கும், பெருசையே எடுங்க, சின்னதுல பாதி விஷயம் விட்டுப்போகும்.

சாப்பாடு விஷயத்துல மட்டும் ஜோபர்க் ஜெயிச்சிடும், கோட்டைய முடிச்சிட்டு ஃபோர்ட்ஸ்பர்க் போனா தோசையும் கெடைக்கும் பிரியாணியும் கெடைக்கும்.

ராபன் தீவ ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. அது கோட்டை இல்ல, அதனால விட்டேன், ஆனா கேப் டவுன்ல ஒரே ஒரு நாள்தான், ஒரே ஒரு மியூசியம்தான்னா பெரும்பாலான பேர் தீவுக்குத்தான் போவாங்க, நானும் வேணாம்னு சொல்ல மாட்டேன். தம்பி நாயுடுவோட பேரன் இண்ட்ரெஸ் நாயுடு பத்து வருஷம் அங்க இருந்தாரு. போட்லயே போய் வர மொத்தம் மூணரை மணி நேரம் ஆகும், காத்து பலமா இருந்தா போட்ட கேன்சல் பண்ணிடுவாங்க, டிக்கெட்டும் சீசன்ல முன்னாடியே தீந்துடும். அப்படி கேன்சல் ஆன அன்னைக்கு கைல இருக்கற அரை நாளுக்கு காசில்தான் சரி.

அப்ப எது? கூட வர்றவங்கள்ல சின்னப் பசங்க இருந்தா, ஃபோட்டோ வேணும்னா, கோட்டைன்னா கோட்டை மாதிரி இருக்கணும்னா, காசில், யோசிக்கவே வேணாம். பெரியவங்க மட்டும், ஜோபர்க்ல ஒரு நாளோ, ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட்ல இறங்கி அடுத்த ஃப்ளைட்டுக்கு நடுவுல ஏழெட்டு மணி நேரமோ இருக்குன்னா கான்ஸ்டிட்யூஷன் ஹில், கூடவே ப்ராம்ஃபோன்டெய்ன். தமிழன் ஒருத்தன் இந்த நாட்டுல எதையாவது ஒண்ணப் பாத்துட்டுப் போகணும்னா என் ஓட்டு ஜோபர்க்குக்குத்தான், சித்தப்பா ஓட்டும் அதுக்குத்தான், சித்தி ஓட்டு மட்டும் காசிலுக்கு, "அங்க பூ இருந்துச்சு, மலை இருந்துச்சு, உங்க ஜெயில்ல என்ன இருக்கு"ன்னு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

கேப் டவுனுக்கு ஏற்கனவே டிக்கெட் போட்டாச்சுன்னா கவலைப்படாதீங்க, ஆனா வரிசைய மட்டும் மாத்திக்கோங்க. எல்லாரும் காசில முதல்ல பாத்துட்டு டைம் இருந்தா ஸ்லேவ் லாட்ஜுங்கறாங்க, டைம் இருக்காது, விட்டுப்போகும். காலைல முதல் வேலையா ஸ்லேவ் லாட்ஜ், அங்க எந்தக் கரைல இருந்து யார் வந்தாங்கன்னு பாத்துட்டு, நடந்து கீழ இறங்கி காசில். மஞ்சள் செங்கல் வாசல்ல அந்த மூணு எழுத்து அப்ப வேற மாதிரி தெரியும்.